செல்லியம்மனும் சின்ன வெள்ளை மாத்திரையும்

சித்திரை மாதம் செல்லியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், அந்தத் தெருவே வெற்றிச்செல்வியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உடையார்பாளையத்துக்கும் அரியலூருக்கும் நடுவே, முந்திரிக் காட்டை ஒட்டிய சின்ன ஊர் அது. கல்யாணமாகி வந்த மறு வருஷமே அவளுக்குச் சாமி வந்தது. பறைச் சத்தம் உச்சத்துக்கு ஏறிய நேரத்தில், கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்ற புதுப்பெண் கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அவள் மேல்தான் ஆத்தா இறங்கினாள். மழை எப்போது, எந்தப் பெண்ணுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை, காணாமல் போன மாடு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குச் சொல்வாள். எலுமிச்சம்பழத்தைக் கடித்து, மஞ்சள் தண்ணீரைத் தலையில் வாங்கியதும் ஆத்தா மலையேறிவிடுவாள். கண் விழித்த வெற்றிச்செல்வி, "நான் என்னக்கா பேசினேன்?" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் வெட்கத்தோடு கேட்பாள்.

மற்ற நாட்களில் அவள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு தட்டினால் ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டே உடைப்பார்கள். அப்படியும் அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே கிடக்கும். கணவன் மதுரைவீரன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். ஒரே மகள் மேகலா பெரம்பலூர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்துக்கொண்டிருந்தாள். சண்டையோ பெரிய கஷ்டமோ அந்த வீட்டில் இல்லை. சாயங்காலமானால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த காலைப்பொழுதில், கொட்டைக் கொட்டகையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு யாரோ ஒரு ஆண் பேசுவது கேட்டது. தட்டும் சத்தத்துக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் குரல் வந்தது. 'எச்சக்கலை' என்றது. திரும்பிப் பார்த்தாள். பெண்கள் மட்டும்தான் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் கேட்டது. பாத்திரம் துலக்கும்போது, துணி அலசும்போது, அடுப்படியில் நிற்கும்போது என்று பிறகு அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சோற்றில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்றது. மேகலாவைத் தூக்கிக்கொண்டு போக ஆள் நிற்கிறது என்றது.

அவள் சமைப்பதை நிறுத்தினாள். பிறகு தூங்குவதையும் நிறுத்தினாள். ஒரு நாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பி நின்ற மகளை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, பரீட்சை இருக்கும்மா" என்று மேகலா ஜன்னல் வழியாக எவ்வளவோ கெஞ்சினாள். தாயின் காதில் அது ஏறவே இல்லை. வேறெதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதுரைவீரனின் அக்காள் வந்து பார்த்துவிட்டு, "யாரோ செஞ்சு வச்சிருக்காங்கடா" என்றாள். பஸ் மாறி மாறிப் போக வேண்டிய ஏதோ ஒரு ஊரில் பேய் ஓட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று, தம்பி லோடு எடுக்கப் போயிருந்த நாளில் அவளைக் கூட்டிக்கொண்டும் போய்விட்டாள். அந்த ஆள் வெற்றிச்செல்வியின் முடியைப் பிடித்து உலுக்கி, "போறியா, இல்லியா?" என்று கேட்டுக் கேட்டுப் பிரம்பால் அடித்தான். அவள் யாரைப் போகச் சொல்கிறான் என்று புரியாமல், "போறேங்க, வூட்டுக்குப் போறேங்க" என்றாள்.

சாயங்காலம் வீடு திரும்பிய மதுரைவீரன் அவள் முதுகைப் பார்த்தான். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தடித்த வரிகள்மேல் மெதுவாகத் தடவினான். பெரிய பெரிய கற்பாளங்களுக்கு நடுவே லாரியை ஒடித்து ஓட்டும் கை அது. அன்று விரல் நுனியால் மட்டும் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தது; நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"மாமா, அழுவுறியா?" என்று திரும்பாமலே கேட்டாள் அவள்.

"இல்ல செல்வி. எண்ண காட்டம் கண்ணுல பட்டுடுச்சு."

"தேங்கா எண்ணயில ஏது மாமா காட்டம்?" என்றாள். அவ்வளவு நாளில் அவள் தெளிவாகப் பேசிய ஒரே பேச்சு அதுதான். பழைய செல்வி உள்ளே எங்கேயோ இருக்கிறாள் என்று அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

செல்லியம்மன் கோயில் பூசாரி கருப்பண்ணன் இவர்களைவிட இளையவன். வாரத்தில் மற்ற நாட்களில் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை, செவ்வாய் வெள்ளியில் கோயில். ஆத்தாவுக்குக் கோபம், அதனால்தான் சாமியாடிக்கே இப்படி ஆகிவிட்டது என்று தெருவில் பேச்சு எழுந்திருந்தது. அதைக் கேட்கத்தான் மதுரைவீரன் அவனிடம் போனான். கருப்பண்ணன் அம்மன் காலடியில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தான். பிறகு வந்த பூவை மதுரைவீரனிடம் காட்டினான்.

"அண்ணே, பூ நல்லாத்தான் வந்திருக்கு. ஆத்தா கோவமில்ல. எனக்கு மனசுல பட்டதச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆலையில கூட வேல செஞ்ச ஒருத்தருக்கு இப்படித்தான் காதுல கேட்டுது. அரியலூர் பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. அங்க காட்டித்தான் இப்ப வேலைக்கு வந்துகிட்டிருக்காரு."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்களே தம்பி."

"சொல்றவங்களா வந்து அக்காவப் பாத்துக்கப் போறாங்க?"

வெற்றிச்செல்வி வர மறுத்தாள். பஸ்ஸில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்றாள். கருப்பண்ணன் குங்குமமும் மஞ்சள் கயிறும் கொண்டு வந்து, ஆத்தா காலடியில் வைத்து எடுத்த கயிறு என்று சொல்லி அவள் மணிக்கட்டில் கட்டினான். தானும் கூட வருவதாகச் சொன்னான். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் முன் சீட்டிலும் மதுரைவீரன் பக்கத்திலுமாக அவளை நடுவில் வைத்துக் காப்பதுபோல அரியலூருக்குக் கூட்டிப் போனார்கள். வழி நெடுக அவள் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள்.

டாக்டர் அனுசுயாவின் அறையில் கூட்டம் இருந்தது. அவள் முறை வந்ததும், டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா கேக்குது உங்களுக்கு?"

என்ன செய்கிறது என்று கேட்காமல், என்ன கேட்கிறது என்று கேட்டது அவளுக்குப் புதிதாக இருந்தது. இதுவரை எல்லாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெல்ல மெல்லச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்குச் சாமி வரும் விஷயத்தை மதுரைவீரன் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னான்.

"ஆத்தா வரும்போது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒடம்பு சிலுத்துக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மலையேறினதும் ஒடம்பு பஞ்சாட்டம் லேசா இருக்கும். நல்லாத் தூங்குவேன்."

"இந்தக் குரல்?"

வெற்றிச்செல்வி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது போவ மாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் என்னை வையுது டாக்டரம்மா. ஆத்தா ஒரு நாளும் என்னை வஞ்சதில்ல."

டாக்டர் தலையசைத்தார். இது மூளையில் வருகிற ஒரு நோய், சர்க்கரை நோய்போல, ரத்தக் கொதிப்புபோல இதற்கும் மருந்து உண்டு, குரல் மெல்ல அடங்கும், ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அடித்த இடத்துக்கு மட்டும் இனி போகவே கூடாது என்றார். கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம் என்றார்.

எழுந்து கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். "இந்த மாத்திரையப் போட்டா ஆத்தா என்மேல வராம போயிடுவாளா?"

"தெரியலம்மா," என்றார் டாக்டர். "உங்களை வையுற அந்தக் குரலப் பத்தித்தான் எனக்குத் தெரியும். ஆத்தாவப் பத்திச் சொல்ற அளவுக்கு நான் படிக்கல. வந்தாலும் வராட்டியும் எங்கிட்ட வந்து சொல்லுங்க."

சின்ன வெள்ளை மாத்திரை. முதலில் தூக்கம்தான் வந்தது. தூக்கம் என்றால் அடித்துப் போட்டதுபோல. வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது, கை கட்டையைப் பிடிக்க முடியாமல் உதறியது. டாக்டர் அதற்கு வேறொரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். மார்கழி போய்த் தை வந்தபோது குரல் அடுத்த தெருவில் யாரோ ரேடியோ வைத்ததுபோலத் தள்ளிப்போயிருந்தது. மாசியில் ஒரு நாள் கொட்டைக் கொட்டகையில் தட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் அமைதி. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவள், "எண்ண தெறிச்சுடுச்சா?" என்று கேட்டு ஈரத் துணியை நீட்டினாள்.

முந்தானையில் முடிந்திருந்த சாவி மேகலாவின் கைக்குப் போனது. மேகலா பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சித்திரை வந்தது. காப்புக் கட்டினார்கள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக வெற்றிச்செல்வி அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். பறை ஏறியது. பையன்கள் அவளைச் சுற்றி நின்று முகம் சிவக்கப் பறையடித்தார்கள். அவள் கண்ணை மூடினாள், திறந்தாள். உடம்பு சிலிர்க்கவில்லை. இன்னும் வேகமாக அடித்தார்கள். அவள் நட்ட மரம்போல அப்படியே நின்றாள். பறையடிப்பவர்களுக்குக் கை ஓய்ந்தது. ஒரு கிழவர், "மருந்து தின்ன ஒடம்புல சாமி எப்படி எறங்கும்?" என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த வருஷம் யார் மேலும் ஆத்தா வரவில்லை. கருப்பண்ணன் கற்பூரம் காட்டி முடித்துவைத்தான்.

வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். ஊருக்கே வாக்குச் சொன்னவளிடம் இனிக் கொட்டை உடைக்கிற கை மட்டும்தான் மிச்சம் என்று தோன்றியது அவளுக்கு. குரல் போனது நல்லதுதான், அதற்கு ஆத்தாவைக் கொடுத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

ஆடி மாதக் காற்றோடு குரலும் திரும்பி வந்தது. வெளியே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முற்பகலில், மேகலா கல்லூரிக்குப் போன பிறகு, அந்தக் குரல் அவளிடம் ஒரு சேதி சொன்னது. மேகலா கல்லுக் குழியில் கிடக்கிறாள் என்றது.

ஊரைத் தாண்டிப் பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒன்று இருந்தது. கல் எடுத்து முடித்து விட்டுப்போனது. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு அந்தப் பக்கமாக வந்த மதுரைவீரன், குழியின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்து ஏதோ கூப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டான். புடவையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தினான். ஓடினால் அவள் பயந்துவிடுவாள் என்று மனதில் பட்டது. நடந்தே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேகலா உள்ள கெடக்கா மாமா. கூப்புட்டா வர மாட்டேங்கிறா."

இல்லை, பொய், உனக்குப் பைத்தியமா என்று எது சொன்னாலும் அது அவளுக்கும் தனக்கும் நடுவில் சுவராகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். மகளைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட பேசும்மா, வச்சிடாத" என்று மட்டும் சொல்லி மனைவியின் காதில் வைத்தான்.

"அம்மா? என்னம்மா? நான் கேண்டீன்ல இருக்கேன். சாப்பிட்டியா?"

வெற்றிச்செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். போனில் தட்டு வைக்கும் சத்தம், யாரோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம், மேகலா அவளை 'இருடீ' என்று அதட்டும் சத்தம். உள்ளே கேட்கிற குரலில் இப்படிப்பட்ட சில்லறைச் சத்தங்கள் எப்போதும் இருந்ததில்லை. அது தனியாக வரும், திட்டும், அவ்வளவுதான். இது மகளைச் சுற்றி உலகமே இருந்து வருகிற சத்தம்.

"பக்கத்துல யாரோ சிரிக்குதே," என்றாள்.

"என் ஃபிரண்டும்மா. நீ எங்க இருக்க?"

"அப்பாகூட இருக்கேன்," என்று சொன்னாள். சொன்னதும் அவன் தோளில் சாய்ந்து குலுங்கி அழுதாள். மதுரைவீரன் அவளை எழுப்பி, கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து டிப்பரின் உயரமான படியில் ஏற்றி உள்ளே உட்கார வைத்தான். வண்டியை ஆலைக்கு ஓட்டவில்லை. நேராக அரியலூருக்கு ஓட்டினான்.

டாக்டர் அனுசுயா திட்டவில்லை. மாத்திரையைத் துப்பியதை அவளே சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். "வந்து சொல்லுங்கன்னு சொன்னேன், சொல்லிட்டீங்க," என்றார் டாக்டர். கையை இவ்வளவு உதறவிடாத வேறு மருந்துக்கு மாற்றி, சில நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துக்கொண்டார். மதுரைவீரன் வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்தான்.

அங்கே கருப்பண்ணன் திருநீறோடு பார்க்க வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் கோயில் மானத்தை வாங்கிட்டேன் தம்பி. மருந்து தின்ன ஒடம்புல ஆத்தா எப்படி வருவா?"

கருப்பண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "ஏங்க்கா, மகிஷனையே மிதிச்சவ. ஒரு மாத்திரைக்குப் பயந்துகிட்டு ஓடிடுவாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு செய்யலாம்க்கா. வூட்டுக்கு வந்ததும் சாயங்கால மாத்திரைய எடுத்துகிட்டுக் கோயிலுக்கு வந்துடு. தீவாராதனை முடிஞ்சதும் ஆத்தா முன்னாடி நின்னு, தீர்த்தத்துல போட்டு முழுங்கு. அவளும் பாக்கட்டும்."

டாக்டரிடம் கேட்டார்கள். "துப்பாம முழுங்கினா எனக்கு எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி," என்றார் அவர்.

அப்படியேதான் நடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாத்திரையை முந்தானை முனையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போவாள். கருப்பண்ணன் இரண்டாம் ஷிப்ட் போன நாட்களில் அவன் மனைவி தீர்த்தம் கொடுப்பாள். முதலில் வேடிக்கை பார்த்த தெரு, பிறகு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் இரண்டொருவர் தங்கள் மாத்திரையையும் கோயிலுக்கே கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அடுத்த சித்திரையில் பறை ஏறியபோது அவள் நடுவில் போய் நிற்கவில்லை. பெண்களோடு பெண்ணாக நின்றாள். அன்று ஆத்தா வேறொருத்தி மேல் இறங்கினாள். போன வருஷம் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த ஒருத்தி. பழக்கமில்லாத உடம்பு, கல்தரையில் விழப் போனது. கூட்டம் விலகியது, வெற்றிச்செல்வி பாய்ந்து போய்ப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். அவளுடைய முடியை ஒதுக்கி, இடுப்பில் புடவையை இறுக்கிச் செருகிவிட்டு, விழாதபடி சேர்த்தணைத்துப் பிடித்தாள். அந்த உடம்பின் சூடும் நடுக்கமும் தன் நெஞ்சு வழியாக இறங்குவதை உணர்ந்தாள். அது தனக்குத் தெரிந்த நடுக்கம்தான். மலையேறும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதுரைவீரன் கேட்டான், "வருத்தமா இருக்கா செல்வி?"

"இருக்கு மாமா. ஆனா தாங்கிக்கிற வருத்தம்தான்."

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிவிட்டது. மேகலாவுக்குத் திருச்சியில் வேலை. வெற்றிச்செல்விக்கு மருந்து குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடைமழை நாட்களில் எப்போதாவது அந்தக் குரல் ஓட்டுக் கூரைக்கு வெளியே வந்து நிற்கும். "இன்னைக்கு வந்திருக்கான் மாமா," என்பாள் கணவனிடம். "நிக்கட்டும். நனைஞ்சா தானா போயிடுவான்," என்று சொல்லி அவன் போர்வையை இழுத்து அவள் மேல் போடுவான்.

மாதம் ஒரு தடவை அரியலூர் போய்வருகிறார்கள். அன்று அவன் லாரி எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். போன முறை திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்ற பஸ்ஸின் வெயிலிலும் புழுதியிலும் அவளுக்குக் கண் சொருகி, அவன் தோளில் தலை சாய்ந்தது. சென்னை போகும் ரயில் தடதடத்துக் கடந்தும் விழிக்கவில்லை. பஸ் கிளம்பி, முந்திரிக் காடுகள் வந்து, அவர்கள் இறங்க வேண்டிய இடமும் வந்தது. மதுரைவீரன் அசையவில்லை.

கண்டக்டர் குனிந்து, "உங்க ஸ்டாப்பு போவுதுங்க," என்றார்.

"போவட்டுங்க," என்றான் மதுரைவீரன் குரலைத் தாழ்த்தி. "நல்லாத் தூங்குறா. உடையார்பாளையத்துக்கு டிக்கெட் போடுங்க, திரும்பி வர்ற பஸ்ஸுல வந்துக்கிறோம்."